அபாயச் சங்கு ஒலித்த நாளில் அன்னையின் சந்நிதி

சிராங்கூன் சாலையில் எழுந்தருளி அருள்பாலிக்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை முன்னோர் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்றே அழைத்தனர். சுண்ணாம்புச் சூளைகளில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பி வழிபட்ட தலம் அது. நாடு விட்டு நாடு வந்தவர்கள் காவல் தெய்வமாகக் காளியைத் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. அந்தக் காவலுக்குக் கடுஞ்சோதனை 1941ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது.

1941 டிசம்பர் 8ஆம் நாள், விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. தெருவிளக்குகள் கூட அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தன. அன்று மட்டும் 61 பேர் மாண்டனர். அடுத்து வந்த ஜனவரியில் குண்டுவீச்சு அன்றாட நிகழ்ச்சியாயிற்று. தாழ்வான இந்நகரில் மண்ணைத் தோண்டினால் நீர் ஊறும். ஆதலால் நிலவறைகள் அமைப்பது எளிதாக இல்லை. பொதுமக்களுக்கான காப்பிடங்களோ மிகச் சில. அபாயச் சங்கு ஊதியதும் சிராங்கூன் வட்டாரத்து மக்கள் பலர் அம்மன் ஆலயத்திற்குள் அடைக்கலம் புகுந்தனர்.

ஆலயத்தின் கூரை வெடிகுண்டைத் தாங்கும் வன்மை உடையதன்று. உள்ளே வந்தவர்களும் இதனை அறியாதவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். ஆயினும் வீட்டில் தனித்து நடுங்குவதைவிட, அன்னையின் முன் பலரோடு அமர்ந்திருப்பதையே அவர்கள் நாடினர். சுற்றுப்புறம் குண்டுவீச்சுக்கு ஆளான அந்நாள்களில் ஆலயத்திற்கோ அங்குள்ள திருவுருவங்களுக்கோ எவ்விதச் சேதமும் நேரவில்லை. பக்தர்கள் இதனை அன்னையின் திருவருள் என்றே இன்றளவும் போற்றுகின்றனர்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஆங்கிலேயர் சரணடைந்தனர். ஊரின் பெயர் ‘சியோனான்’ ஆயிற்று. கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டுத் தோக்கியோ நேரத்தைக் காட்டின. (சூரியன் மட்டும் அந்த ஆணைக்குக் கட்டுப்படவில்லை!) அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் உணவாயிற்று. வாழைமரப் படம் அச்சிட்ட நோட்டுகள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தன. இவற்றை எல்லாம் விடக் கொடியது சயாம் மரண இரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. போனவருக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு வேண்டுதலைத் தவிர வேறு துணை ஏது?

இந்த இருண்ட காலத்தில் மற்றோர் ஆலயத்தின் கதவும் முன்னைவிட அகலமாகத் திறந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸைத் தங்கள் கோயிலுக்கு வருமாறு செட்டியார் சமூகத்தினர் அழைத்தனர். எல்லாச் சாதியினரும் சமயத்தினரும் நுழையலாம் என்றால் மட்டுமே தாம் வர இயலும் என்றார் அவர். பரம்பரை வழக்கத்தை மாற்றுவது எளிதன்று. எனினும் செட்டியார்கள் இசைந்தனர். நேதாஜி தம் இந்து அல்லாத அதிகாரிகளோடு சென்றார். உடன் சென்ற ஆபித் ஹசன் இதனைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். வந்த அனைவர் நெற்றியிலும் திலகமிடப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் மக்களுக்கு அச்செய்தி எத்தகைய மதிப்பைத் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அணிவகுப்பில் பெற்ற சமநிலை சந்நிதியிலும் கிடைத்தது.

1945 செப்டம்பர் 5ஆம் நாள் ஆங்கிலேயப் படைகள் திரும்பின. அதே மாதம் 12ஆம் நாள் நகர மன்றக் கட்டடத்தில் ஜப்பானியர் முறைப்படி சரணடைந்தனர். வாழைமர நோட்டுகள் செல்லாக் காசாயின. சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் 1980களில் புதுப்பொலிவுடன் எழுப்பப்பட்டது. குண்டு விழுந்த நாள்களில் பெற்றோரின் கரம் பற்றி ஆலயத்திற்குள் ஓடி வந்த சிறுவர்கள், அப்போது நடுவயதைக் கடந்திருந்தனர்.