கார் சீட்டில் சாம்பார் கொட்டிடுச்சா? தண்ணீர் ஊற்றும் முன் இதைப் படிங்க!

பார்சல் டீ, குழந்தையின் பால் பாட்டில், மடியில் வைத்திருந்த சாம்பார் பாக்கெட்... ஒரு வேகத்தடை போதும், துணி சீட் நாசமாகிவிடும். உடனே பலரும் பாட்டில் தண்ணீரை அப்படியே ஊற்றி அழுத்தித் தேய்ப்பார்கள். கறையைவிட அதிக சேதம் செய்வது அதுதான்.

ஏன்? துணிக்கு அடியில் இருப்பது ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம். ஊற்றும் தண்ணீர் கறையையும் சேர்த்துக்கொண்டு உள்ளே இறங்கும். காயும்போது அது மேலே ஏறி வரும். 'துடைச்ச கறை நாலு நாளில் திரும்ப வந்துடுச்சே' என்று புலம்புவது இதனால்தான். மூடிய காரில் ஈரம் தங்கினால் பூஞ்சை நாற்றமும் வரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநர், பக்கத்து சீட் பயணி இருவருக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் பல மாடல்களில் பயணி சீட்டின் குஷனுக்குள்தான் இருக்கிறது. சைடு ஏர்பேக் உள்ள கார்களில் அது முன்சீட்டின் பக்கவாட்டிலேயே இருக்கும். அங்கே தண்ணீர் இறங்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

கெட்டியாக இருப்பதை ஸ்பூனால் வழித்து எடுங்க. பிறகு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதிக்கு வந்தால் கறை பரவாது. ஒரு கப் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டுக் கலக்கி, அந்த நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்றுங்க. முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. கடைசியில் பிழிந்த ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே இடத்தில் தூசி ஒட்டும்.

பால், ரத்தம், வாந்தி என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான். சூடு பட்டால் அதிலுள்ள புரதம் துணியோடு இறுகிவிடும். எண்ணெய்க் கறை மேல் சோள மாவைத் தூவி கால் மணி நேரம் விட்டால் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும்.

சாம்பாரில் உள்ள மஞ்சள்தான் பிடிவாதக்காரன். சோப்பு பட்டதும் சிவப்பாக மாறினால் பயப்படாதீங்க, மஞ்சளின் குணமே அது. சோப்பை எடுத்த பிறகு, கதவுகளைத் திறந்து காரை வெயிலில் விடுங்க. மிச்சமிருக்கும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும்.

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலந்து பொங்க விடும் வீடியோக்கள் பார்க்க நல்லாதான் இருக்கு. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர்.

பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குழந்தை சிறுநீர் கழித்த இடத்தில் ஊற்றினாலும் நச்சு வாயு உருவாகும். காருக்குள் இது ஆபத்து. சீட் பெல்ட்டில் பட்டால் அதன் இழைகளும் பலவீனமாகும். பெல்ட்டுக்கு மிதமான சோப்புத் தண்ணீரே போதும். முழுசா காய்ந்த பிறகே உள்ளே சுருள விடணும்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்குக்கானது, கழற்றாதீங்க. சுத்தம் செய்த பிறகு டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால், நேராக சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்க.