கறுப்பு இந்தியா பேல் ஏல்

கறுப்பு இந்தியா பேல் ஏல் என்பது, ஸ்டவுட் பீருக்குரிய கரிய வர்ணமும், அமெரிக்க இந்தியா பேல் ஏலுக்குரிய ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பும் நறுமணமும் ஒருங்கே அமைந்த ஒரு பீர் வகை. அமெரிக்காவின் வடமேற்குப் பிரதேசத்தார் இதனைக் காஸ்கேடியக் கறுப்பு ஏல் என்று வழங்கித் தங்கள் நாட்டுச் சரக்காகவே கொண்டாடுவர். ஆயினும், வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் 1988இல் மதுக்கூடத்தோடு கூடிய பீர்ச்சாலை ஒன்றை நிறுவிய கிரெக் நூனன், 1990களின் முற்பகுதியிலேயே பிளாக்வாட்ச் என்னும் பெயரில் இத்தகைய ஏல் ஒன்றைக் காய்ச்சி வழங்கியிருப்பதால், முதல் மரியாதையை அவருக்குத் தருவதே நியாயமாகும்.

இவ்வகையைப் பலரும் அறியச் செய்த பெருமை கலிபோர்னியாவின் ஸ்டோன் நிறுவனத்தாருக்கு உரியது. 1996இல் கிரெக் கோக், ஸ்டீவ் வாக்னர் ஆகிய இருவரால் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், 2007இல் தனது பதினோராம் ஆண்டு நிறைவுக்கென ஒருமுறை காய்ச்சிய கறுப்பு ஏலை, 2009இல் ‘சப்ளைம்லி செல்ஃப்-ரைட்டியஸ்’ என்ற சற்றே அகம்பாவம் தொனிக்கும் பெயரோடு மீண்டும் வெளியிட்டது. 8.7 சதவீத ஆல்கஹாலும், அனைத்துலகக் கசப்பு அலகில் 90 என்னும் அளவும் கொண்ட அந்தப் பீரே வீட்டில் காய்ச்சுவோர் பலருக்கு மாதிரியாயிற்று. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திற்குப் பீர் காய்ச்சுவதை வரியின்றி அனுமதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் 1978இல் கையொப்பமிட்டார். வயது வந்தோர் இருவரேனும் உள்ள குடும்பம் ஆண்டொன்றுக்கு 200 காலன் வரையிலும், ஒருவரே உள்ள வீடு 100 காலன் வரையிலும் காய்ச்சிக்கொள்ளலாம் என்பது அதன் வரம்பு.

இந்தப் பீரைக் காய்ச்சுவதில் உள்ள சூட்சுமம் முழுவதும் கருமையை வரவழைப்பதில்தான் அடங்கியிருக்கிறது. பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட்டைக் கரியாகும் தறுவாய்வரை வறுத்தால் வர்ணம் கிடைக்கும். ஆனால் அதன் உமி தீய்ந்து, ஆறிப்போன டிகாக்ஷனைப்போல் நாவைப் பற்றும் துவர்ப்பையும் கூடவே கொண்டுவரும். அத்துவர்ப்பு ஹாப்ஸின் கசப்போடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிக் கடுமையாகிவிடுகின்றன. ஆகவே ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வையர்மன் ஆலையார், உமியை நீக்கிய பிறகே வறுத்துச் செய்யும் காரஃபா ஸ்பெஷல் என்னும் மால்ட்டை இதற்கு உபயோகிப்பது வழக்கம். அது கிடைக்காதவிடத்துச் சாதாரணக் கறுப்பு மால்ட்டைக் குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்த சாறு மட்டும் கொதியின் இறுதியில் சேர்க்கப்படும். எம்முறையாயினும், கறுப்பு மால்ட் மொத்தத் தானியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒட்டியே நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அருந்தினால் வறுவல் வாசனை மெல்லத் தோன்றி மறைய வேண்டுமேயன்றி, ஸ்டவுட்டென்று ஐயுறும்படி இருத்தல் ஆகாது. ஆர்வமிகுதியால் கருமையை அள்ளிப் போடுகிறவர்களின் கையில் இது ஹாப்ஸ் மிகுந்த போர்ட்டர் என்னும் கரிய பீராக முடிந்துவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது.

20 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 7 கிலோ பேல் மால்ட்டும், 300 கிராம் நடுத்தரக் கிரிஸ்டல் மால்ட்டும், 350 கிராம் காரஃபா ஸ்பெஷல் மூன்றாம் தரமும் போதும். நொறுக்கிய தானியத்தை வெந்நீரில் கலந்து 65 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், மால்ட்டிலேயே உள்ள அமைலேஸ் என்னும் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. கறுப்பு மால்ட் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டதாதலால், மென்மையான நீரில் கலவையின் பி.எச். மிகத் தாழ்ந்துவிடாமல், 5.2க்கும் 5.6க்கும் இடையில் நிற்கும்படி கவனித்தல் அவசியம். பின்னர் தானியத்தை வெந்நீரால் அலசி இனிப்புச் சாற்றை வடித்துக்கொள்ள வேண்டும். கொதித்து வற்றிய பின் அதன் ஒப்படர்த்தி 1.080ஐ ஒட்டி இருக்குமானால், மாதிரியாகக் கொண்ட ஸ்டோன் பீரின் ஆல்கஹால் அளவை எட்டலாம்.

ஸ்டோன் நிறுவனத்தார் கையாண்ட ஹாப்ஸ் சினூக், சிம்கோ, அமரில்லோ என்னும் மூன்று. ஆல்ஃபா அமிலம் மிகுந்த சினூக்கில் 60 கிராம் கொதியின் தொடக்கத்திலேயே இடப்படும்; நெடுங்கொதியில் அவ்வமிலம் உருமாறி நீரில் கரைவதாலேயே பீருக்குக் கசப்பு உண்டாகிறது. மணத்தைத் தரும் எண்ணெய்களோ ஆவியில் பறந்துவிடுவன. ஆதலால் சிம்கோவும் அமரில்லோவும் அடுப்பை அணைத்த பிறகே இடப்பெறுகின்றன. பைன் பிசின் மணமுடைய சினூக்கும் சிம்கோவும் வறுவலோடு இசைந்து போகின்றன; மாம்பழ, அன்னாசி வாசனையை வீசும் பிற்காலத்து ஹாப்ஸ் இவ்வகைக்கு அவ்வளவு ஒத்துவருவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

சாற்றை விரைவாகக் குளிரச் செய்து, சுத்தமான பாத்திரத்தில் ஆங்கில ஏல் ஈஸ்ட்டை இட்டு, 18 முதல் 20 பாகைக்குள் வைத்தால், இரண்டு வாரத்திற்குள் நொதித்தல் அநேகமாக அடங்கிவிடும். அடங்கிய பிறகு சிம்கோவையும் அமரில்லோவையும் வகைக்கு 30 கிராம் வீதம் நேரே பீரிலிட்டு, மூன்று நான்கு நாள் வைத்திருந்து எடுக்கலாம். ஒப்படர்த்தி அடுத்தடுத்த நாட்களில் மாறாது நிற்பதை உறுதி செய்துகொள்ளாமல் புட்டியில் அடைப்பது அபாயம். எஞ்சிய சர்க்கரை நொதித்து எழும் வாயு புட்டியையே வெடிக்கச் செய்யும். உறுதியான பின், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தால் இரண்டொரு வாரத்தில் தேவையான நுரை வந்துவிடும்.

ஆல்கஹால் மிகுந்த பீர் நெடுநாள் கிடக்கக் கிடக்கச் சிறக்கும் என்ற எண்ணம் இதன் விஷயத்தில் பொருந்தாது. ஹாப்ஸின் மணம் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கி, வறுவல் மட்டும் மேலோங்கிவிடுவதால், குளிர்ந்த இடத்தில் வைத்து இரண்டு மாதத்திற்குள் அருந்தி முடித்துவிடுவதே உசிதம்.