பல் இரசக்கலவை

பல் இரசக்கலவை என்பது சொத்தையால் குழி விழுந்த பல்லை அடைப்பதற்குப் பயன்படும், பாதரசமும் வேறு சில உலோகங்களும் சேர்ந்த கலவை ஆகும். கடைவாய்ப் பற்களில் சாம்பல் நிறமாகவோ கருமையாகவோ தெரியும் அடைப்புகள் பெரும்பாலும் இதனால் ஆனவை. பேச்சு வழக்கில் இது வெள்ளி அடைப்பு எனப்படுகிறது. இப்பெயர் முழு உண்மையைச் சொல்வதில்லை. கலவையின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம் ஆகும். எஞ்சிய பாதியிலேயே வெள்ளி, வெள்ளீயம், செம்பு, சில வேளைகளில் சிறிதளவு துத்தநாகம் ஆகியன அடங்கும்.

19ஆம் நூற்றாண்டு முதல் கோடிக்கணக்கானோரின் பற்களைக் காத்துள்ள இப்பொருள், அதே காலம் முழுவதும் சர்ச்சைக்கும் உள்ளாகி வந்துள்ளது. பாதரசம் நஞ்சு என்பதில் இரு தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அடைப்பிலிருந்து உடலுக்குள் செல்லும் அளவு தீங்கு விளைவிக்கப் போதுமானதா என்பதே கேள்வி ஆகும்.

ஆக்கமும் இறுகும் விதமும்

வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் உலோகக்கலவைத் தூளுடன் நீர்மப் பாதரசம் சேர்க்கப்படும்போது தூளின் மேற்பரப்பு கரைந்து, பசை போன்ற பொருள் உண்டாகிறது. மருத்துவர் இதனைக் குழிக்குள் அழுத்தி நிரப்பிப் பல்லின் வடிவத்திற்கு ஏற்பச் செதுக்குவார். சில நிமிடங்களில் அது இறுகத் தொடங்கும். முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். ஆகவே அடைத்த பல்லால் அன்று கடினமான உணவை மெல்ல வேண்டாம் என்பது வழக்கமான அறிவுரை.

முற்காலத்தில் தூளையும் பாதரசத்தையும் சிறு கல்வத்தில் இட்டு அரைத்து, மிகுதியான பாதரசத்தைத் துணியில் வைத்துப் பிழிந்து எடுத்தனர். இவ்வேலையைச் செய்த உதவியாளர்களே நோயாளிகளைக் காட்டிலும் மிகுதியான பாதரசத்திற்கு ஆளாயினர். பின்னர், அளவிடப்பட்ட தூளும் பாதரசமும் தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்ட மூடிய குப்பிகள் வந்தன. குப்பியை இயந்திரத்தில் வைத்துக் குலுக்கினால் கலவை ஆயத்தமாகிவிடும்.

வரலாறு

வெள்ளி, வெள்ளீயம், பாதரசம் கலந்த பல்லடைப்புப் பசை பற்றிய குறிப்பு, சீனாவில் தாங் அரசர் காலத்தில் 659ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட மருந்து நூலில் உள்ளது. ஐரோப்பாவில் 1826இல் பாரிசைச் சேர்ந்த ஒகுஸ்த் தவோ, வெள்ளி நாணயங்களை அராவிய தூளைப் பாதரசத்துடன் கலந்து பயன்படுத்தினார். 1833இல் குரோகோர் சகோதரர்கள் இதனை நியூயார்க்கிற்குக் கொண்டு சென்றனர். சொத்தையை அகற்றாமலேயே அதன் மீது கலவையை அழுத்தி நிரப்பிய இவர்களின் முறையால் இப்பொருளுக்குக் கெட்ட பெயர் ஏற்பட்டது.

1840இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், இரசக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என்று தன் உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. இக்காலப் பகுதி இரசக்கலவைப் போர் என்று அழைக்கப்படுகிறது. தங்கத்தால் பல் அடைப்பதில் தேர்ந்தவர்களின் தொழில் நலனும் உடல்நலக் கவலையும் இதில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. தங்கம் வாங்க இயலாதோர் பலர் என்பதால் உறுதிமொழி நிலைக்கவில்லை. சங்கமும் 1856இல் கலைந்தது. 1890களில் கிரீன் வார்டிமன் பிளாக் உலோகங்களின் விகிதத்தையும் குழியை வெட்டும் முறையையும் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். 1960களில் உருவான செம்பு மிகுந்த வகைகளில், எளிதில் அரிக்கப்படும் வெள்ளீய-பாதரசச் சேர்மம் உருவாவது பெரிதும் தவிர்க்கப்பட்டது.

1926இல் செருமானிய வேதியியலாளர் ஆல்பிரட் இசுடாக், ஆய்வகத்தில் தாம் அடைந்த பாதரச நச்சுமையை விவரித்துக் கட்டுரை எழுதி, பல்லடைப்புகள் பற்றியும் எச்சரித்தார். அடைப்பிலிருந்து ஆவி வெளிவருவது நுண்கருவிகளால் நேரடியாக அளக்கப்படும் நிலை 1970களின் இறுதியிலேயே ஏற்பட்டது.

நன்மைகள்

இக்கலவை மெல்லும் விசையைத் தாங்கக் கூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்திருப்பது வழக்கம். விலை குறைவு. குழி சற்று ஈரமாக இருந்தாலும் பிழை பெரிதாவதில்லை. வாயை நெடுநேரம் திறந்து வைத்திருக்க இயலாத சிறுவர்களிடமும், ஈறு ஓரத்தில் இரத்தம் கசியும் பற்களிலும் இப்பண்பு பெரிதும் உதவுகிறது. மேலும், கலவைக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அரிப்பினால் உண்டாகும் பொருட்களே நாளடைவில் அடைத்துவிடுகின்றன.

குறைபாடுகளில் கண்ணுக்குத் தெரிவது நிறம். அதனினும் முக்கியமானது, இது பல்லுடன் ஒட்டுவதில்லை என்பது. கலவை கழன்று விழாதிருக்க, குழியின் அடிப்பகுதியை வாயைவிட அகலமாக வெட்ட வேண்டியிருப்பதால் நலமான பல்லின் ஒரு பகுதியும் இழக்கப்படுகிறது. பெரிய அடைப்புகளைச் சுற்றி எஞ்சிய மெல்லிய சுவர்கள் பின்னாளில் பிளவுபடுவதும் உண்டு. சிலருக்கு அடைப்பைத் தொடும் கன்னத்தின் உட்புறத்தில் வெண்கோடுகளுடன் புண் ஏற்படலாம். (மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாளைக் கடித்தவர்களுக்குப் பல்லில் சுரீரென்று உணர்ச்சி ஏற்படுவதற்குக் காரணம், உமிழ்நீரில் இரு உலோகங்கள் தொட்டு மின்கலம் போல் செயற்படுவதே. இது தீங்கற்றது.)

பாதரச ஆவி

பாதரசம் எவ்வடிவில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் தீங்கு அமையும். மீன்களில் சேரும் மெத்தில் பாதரசம் குடலில் எளிதில் உறிஞ்சப்படுகிறது. அடைப்பிலிருந்து வருவதோ உலோகப் பாதரசத்தின் ஆவி. மூச்சுடன் சென்ற ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியே இரத்தத்தை அடைகிறது. உலோகப் பாதரசத்தை விழுங்கினால் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படும். எனவே உடைந்த அடைப்புத் துண்டை ஒருமுறை விழுங்கிவிட்டதற்காக அஞ்சத் தேவையில்லை.

அடைப்புகள் உள்ள பெரும்பாலானோர் இவ்வழியில் பெறுவது நாளொன்றுக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே. அடைப்புகளின் எண்ணிக்கை, உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம், இடைவிடாது சூயிங்கம் மெல்லுதல் ஆகியவற்றால் இது கூடும். உட்சென்ற பாதரசம் சிறுநீரகத்தில் சேர்ந்து சிறுநீருடன் வெளியேறுகிறது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் அடையக் கூடியது.

இது தொடர்பான இரு முக்கிய ஆய்வுகளின் முடிவுகள் 2006இல் வெளியாயின. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 சிறுவர்களும், போர்த்துக்கலின் லிசுபனில் 507 சிறுவர்களும் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு இரசக்கலவையும் மற்றவர்களுக்குப் பிசின் கலவையும் வைக்கப்பட்டன. முறையே ஐந்தும் ஏழும் ஆண்டுகள் கவனித்ததில், இரசக்கலவைப் பிரிவினரின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாக இருந்தது; ஆயினும் அறிவுத்திறன், நினைவாற்றல், நரம்புச் செயற்பாடு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கோ சிறுநீரக நோயாளிக்கோ இம்முடிவு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆய்வில் பங்கேற்றோர் நலமான, பள்ளி செல்லும் வயதுச் சிறுவர்கள் ஆவர்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2020 செப்டம்பரில், கருவுற்ற பெண்கள், கருவுற எண்ணுவோர், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள் (குறிப்பாக ஆறு வயதிற்குட்பட்டோர்), நரம்பு நோயுள்ளோர், சிறுநீரகச் செயற்பாடு குறைந்தோர், பாதரச ஒவ்வாமை உள்ளோர் ஆகியோருக்கு, பொருத்தமான மாற்று இருக்குமாயின் இரசக்கலவையைத் தவிர்க்குமாறு பரிந்துரைத்தது.

பழைய அடைப்பை அகற்றுதல்

நல்ல நிலையிலுள்ள அடைப்பை அச்சத்தால் அகற்றுவது எதிர்விளைவையே தரும். துளைக்கருவி சுழலும்போது உண்டாகும் வெப்பத்தாலும் தூளாலும் ஆவி மிகுதியாக வெளிவருகிறது. நலமான பல்லும் சிறிது குறைகிறது. மருத்துவத் தேவை இல்லாமல் அகற்ற வேண்டாம் என்பதே மேற்கூறிய நிருவாகத்தின் 2020ஆம் ஆண்டு அறிவுரையும் ஆகும். அடைப்பு உடைந்தாலோ அதன் ஓரத்தில் புதிய சொத்தை தோன்றினாலோ அகற்றியே ஆக வேண்டும். அப்போது நீர் தெளித்தல், வலுவான உறிஞ்சு குழாய், பல்லைத் தனிப்படுத்தும் இரப்பர் திரை, அடைப்பைப் பெரிய துண்டுகளாக வெட்டி எடுத்தல் ஆகியவற்றால் ஆவியின் அளவு குறைக்கப்படுகிறது. இரசக்கலவையை எடுத்தால் தீராத நோய்கள் தீரும் என்று கூறிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

மாற்றுப் பொருட்கள்

பிசின் கலவை பல்லின் நிறத்தில் அமைவது, பல்லுடன் ஒட்டுவது, குறைவாக வெட்டினால் போதுமானது. ஆனால் ஒட்டும் வேளையில் குழி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும்; அடுக்கடுக்காக வைத்து ஒளியால் இறுக்க வேண்டியிருப்பதால் நேரமும் செலவும் கூடும். இறுகும்போது சுருங்குவதால் ஓரங்களில் மீண்டும் சொத்தை ஏற்படும் வாய்ப்பு உண்டு. மேற்கூறிய லிசுபன் ஆய்வில், ஐந்தாம் ஆண்டிற்குப் பின் மீள்சிகிச்சை தேவைப்பட்டது பிசின் பிரிவில் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதி. பிசின் சேர்மங்களும் முற்றிலும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. சில வகைகளிலிருந்து பிசுபீனால்-ஏ சிறிதளவு கசியக் கூடும்.

கண்ணாடி அயனோமர் புளோரைடை வெளியிடுவதுடன் ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும். எனினும் கடைவாய்ப் பல்லில் எளிதில் தேய்ந்துவிடும். மின்சாரமும் துளைக்கருவியும் இல்லாத இடங்களுக்காக 1980களில் தன்சானியாவில் உருவான முறையில், சொத்தை கைக்கருவியால் மட்டும் சுரண்டி எடுக்கப்பட்டு இப்பொருளால் அடைக்கப்படுகிறது.

சட்ட நிலை

நோர்வே 2008இலும் சுவீடன் 2009இலும் இரசக்கலவைப் பயன்பாட்டைப் பெரிதும் நிறுத்தின. சுற்றுச்சூழலில் பாதரசம் சேர்வதைத் தடுப்பது இதற்கு முக்கிய காரணமாக இருந்தது. 2013இல் சப்பானின் குமாமோட்டோவில் நிறைவேற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, இதன் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கக் கோரியது. இலங்கை 2017இலும் இந்தியா 2018இலும் இதனை உறுதி செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் 15 வயதிற்குட்பட்டோருக்கும் கருவுற்றோர், பாலூட்டுவோருக்கும் தடை வந்தது. 2025 சனவரி 1 முதல் மருத்துவக் கட்டாயம் உள்ள நிலைகள் தவிர அனைவருக்கும் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பரில் செனீவாவில் கூடிய உடன்படிக்கை நாடுகள், உலகளவில் 2034ஆம் ஆண்டிற்குள் இதன் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன.

கழிவு

மருத்துவமனைகளின் கழுவுத்தொட்டி வழியே வெளியேறும் இரசக்கலவைத் துகள்கள் சாக்கடையையும், பின் நீர்நிலைகளையும் அடைகின்றன. அங்கு நுண்ணுயிரிகளால் பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறி மீன்களில் சேரக் கூடும். உறிஞ்சு குழாயுடன் இணைக்கப்படும் பிரிகலன்கள் இத்துகள்களில் 95 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் பிடித்துக்கொள்ள வல்லவை. பிடுங்கிய பற்களை அடைப்புடன் எரியூட்டும் கழிவில் இடுவதும் தவறு, ஏனெனில் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். இதே காரணத்தால் பிரித்தானியா உட்பட்ட நாடுகளில் தகனக்கூடங்களின் புகைபோக்கிகளில் பாதரச வடிப்பான்கள் பொருத்தப்பட்டுள்ளன.