செடி வைத்தால் போதுமா? கட்டடங்களைப் பற்றி இளையர்கள் எழுப்பும் 3 கேள்விகள்

மொட்டைமாடியில் தோட்டம், சுவர் முழுக்கக் கொடி... சிங்கப்பூரில் இதெல்லாம் உங்களுக்குப் பழகிப்போன காட்சி. ஆனால், கட்டடக்கலைத் துறைக்கு வரும் இளையர்கள் பலர் இப்போது எத்தனை செடி என்று எண்ணுவதோடு நிற்பதில்லை. அவர்கள் எழுப்பும் 3 கேள்விகள், நாளை நீங்கள் வாங்கப்போகும் வீட்டையும் பாதிக்கும்.

1. இடித்துத்தான் ஆகணுமா?

ஏசி, விளக்கு, மின்தூக்கி ஆகியவற்றுக்குச் செலவாகும் மின்சாரம் நம் கண்ணுக்குத் தெரியும். கட்டடத்தைக் கட்டும்போதே வெளியேறிய கரிமம் தெரியாது. உலகக் கரிம வெளியேற்றத்தில் சுமார் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. நன்றாக இருக்கும் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால், அந்தக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். புதுக் கட்டடத்தில் எத்தனை செடி வைத்தாலும் சரி!

2 கட்டடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

• பேர்ல் பேங்க்: ஊட்ரம் அருகே 1976இல் எழுந்த 38 மாடிக் கட்டடம். குதிரைலாட வடிவம். 2018இல் கூட்டு விற்பனையில் கைமாறியது, பிறகு இடிக்கப்பட்டது.

• கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்: பீச் ரோட்டில் 1973இல் கட்டப்பட்டது. 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கட்டடம் பழசாகப் பழசாகப் பழுதுபார்க்கும் செலவு ஏறும், 99 ஆண்டுக் குத்தகை குறையும். முதியவர்கள் பலருக்கு அந்த வீடுதான் சேமிப்பு. அதனால், பாதுகாக்கச் சொல்பவர்கள் அந்தச் செலவை யார் ஏற்பது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

2. வீடா, காடா?

டோவர் காடு நினைவிருக்கிறதா? சுமார் 33 ஹெக்டர் நிலம். அங்கு வீவக வீடுகள் கட்டும் திட்டம் பற்றித் தெரிந்ததும் இயற்கை ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். 2021இல் திட்டம் மாற்றப்பட்டது. கிழக்குப் பகுதியில் வீடுகள் வரும். உயிரினங்கள் அதிகமுள்ள மேற்குப் பகுதியில் இயற்கைப் பூங்கா அமையும், மற்ற இடம் இப்போதைக்குத் தொடப்படாது.

இதில் சிக்கல் என்ன தெரியுமா? காட்டை விடுங்கள் என்று கேட்கும் தலைமுறைதான் பிடிஓ வீட்டுக்கும் காத்திருக்கிறது.

3. யாருக்காகக் கட்டுகிறோம்?

உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்டிக்குப் போயிருக்கிறீர்களா? மூத்தோருக்கான 104 வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், மாடித் தோட்டம் எல்லாம் ஒரே இடத்தில். 2018இல் உலகின் தலைசிறந்த கட்டடத்துக்கான விருதை வென்றது. அங்கு தோட்டம் வெறும் அலங்காரம் இல்லை. தாத்தா பாட்டிகள் வீட்டைவிட்டு வெளியே வந்து நாலு பேரிடம் பேச அது ஒரு காரணம்.

இது புதுசா?

இல்லை. 1965இல் 'ஸ்பர்' என்ற குழு உருவானது. நகரத் திட்டமிடல் பற்றி இளம் கட்டடக் கலைஞர்கள் அதில் வெளிப்படையாக விவாதித்தார்கள். அவர்களில் ஒருவரான டே கெங் சூனுக்கு அப்போது வயது 25. பாய லேபார் விமான நிலையத்தை விரிவாக்குவதைவிட சாங்கிக்கு மாற்றலாம் என்று அந்தக் குழு வாதிட்டது. சாங்கி விமான நிலையம் 1981இல் திறந்தது. கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸை வடிவமைத்தவர்களிலும் டே ஒருவர்.

அப்போ, நீங்கள் என்ன செய்யலாம்?

நகர மறுசீரமைப்பு ஆணையம் 5 ஆண்டுக்கு ஒருமுறை பெருந்திட்டத்தை மறுஆய்வு செய்கிறது. வரைவுத் திட்டம் வெளியானதும் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். உங்கள் பேட்டைக்கு என்ன திட்டம் என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். இடிக்கும் இயந்திரம் வந்தபிறகு பேசுவதைவிட, கோடு போடும்போதே பேசுவது நல்லது.