பழைய வெள்ளி உப்புக் கிண்ணம்: எடைக்குப் போடும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

முகையூரோ விழுப்புரமோ, பழைய வெள்ளிச் சாமானை நகைக்கடைக்குக் கொண்டுபோனால் முதலில் நடப்பது எடை போடுவதுதான். பிறகு அது உருக்கப்பட்டுவிடும். ஆனால் சில பொருட்களின் மதிப்பு எடையில் இல்லை. அப்படி ஒன்றுதான் உப்புக் கிண்ணம்.

உப்புக்கு வெள்ளிக் கிண்ணமா?

ஐரோப்பிய சாப்பாட்டு மேஜையில் உப்பு வைக்கும் சின்னக் கிண்ணம் இது. நார்வேயில் 1880-லும் 1904-லும் பழங்கால வைக்கிங் கப்பல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அதன் பிறகு அதே கப்பல் வடிவத்தில் வெள்ளியிலும் பியூட்டரிலும் கிண்ணங்கள் செய்து விற்றார்கள். இன்று அவற்றைத் தேடிச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

நம்ம ஊரில் உண்டா?

உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மவுண்ட் ரோட்டில் இயங்கிய பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம், சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் வெள்ளிச் சாமான்களுக்குப் பேர் போனது. 'சுவாமி சில்வர்' என்று அழைக்கப்படும் இந்த வகையில் டீ செட், கிண்ணம் எல்லாம் வந்தன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

* 925 என்றால் 92.5 சதவீதம் வெள்ளி. 830 என்றால் 83 சதவீதம். நார்வே பொருட்களில் இது சகஜம்.
* 'இ.பி.என்.எஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெறும் வெள்ளி முலாம்.
* பழைய இந்தியப் பொருட்களில் தர முத்திரை இல்லாமலும் இருக்கலாம். அதனால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.
* பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளீயம். நம்ம வீட்டு ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்குச் சொந்தக்காரன். பழைய பியூட்டரில் காரீயம் கலந்திருக்கலாம் என்பதால் அதில் உணவு வைக்காதீர்கள்.

உப்பே எதிரியா?

ஆமாம். மரக்காணம் உப்பை நம்ம பாட்டிகள் ஏன் பீங்கான் ஜாடியில் போட்டு வைத்தார்கள்? உப்பு உலோகத்தை அரிக்கும். வெள்ளியில் கருப்புப் புள்ளி விழும், குழியும் விழும். அதனால்தான் இந்தக் கிண்ணங்களுக்குள் நீலக் கண்ணாடிக் குப்பி இருக்கும். குப்பி உடையாமலும் சின்னக் கரண்டி தொலையாமலும் இருந்தால் மதிப்பு கூடும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், வேலைப்பாடும் மழுங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கே அதை வியாபாரமாகச் செய்யவும் உரிமம் வேண்டும்.

ஆகவே, பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் அவசரப்படாதீர்கள். அடிமுத்திரையைப் போட்டோ எடுத்து, பழம்பொருள் தெரிந்தவரிடம் காட்டுங்கள். உருக்கிய பிறகு மிஞ்சுவது எடை மட்டும்தான்.