ஹெட்போனில் அதிரும் பேஸ், மொபைலில் காணாமல் போவது ஏன்?

வேலை முடிந்த பிறகு லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்து பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தச் சிக்கல் உங்களுக்குப் புதுசா இருக்காது: ஹெட்போனில் நெஞ்சை அதிரவைக்கும் பேஸ்லைன், மொபைல் ஸ்பீக்கரில் சுத்தமா கேட்காது.

என்ன நடக்குது?

மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் இருப்பது ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மொபைலின் குட்டி ஸ்பீக்கரால் அந்தப் பகுதியில் பெரும்பாலானதை ஒலிக்க முடியாது. சைன் அலையில் 55 ஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கிறதென்றால், மொபைலில் மிஞ்சுவது மௌனம்.

அப்போ என்ன செய்வது?

சாச்சுரேஷன் சேருங்கள். அது 110, 165, 220 என மேல் அதிர்வெண்களை உண்டாக்கும். இவற்றைக் கேட்டாலே, இல்லாத 55-ஐ மூளை தானே ஊகித்துக்கொள்ளும்.

ரோலண்டின் டிபி-303 கருவி தனித்துத் தெரிவதற்கும் இதுதான் காரணம். மேல் அதிர்வெண்கள் நிறைந்த அலை, அதை நெளியவைக்கும் ஃபில்டர். பேஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்த இந்தக் கருவி சரியா விற்கல. 1984-ல் உற்பத்தி நின்றது. 1987-ல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டு இதைப் புகழ்பெற வைத்தது. ஆனால் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982-லேயே இதே கருவியில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துடன் பதிவு செய்துவிட்டார்.

கிக்கும் பேஸும் மோதினால்?

இரண்டுக்கும் ஒரே இடம்தான் வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

• ஈக்யூ: கிக் 55 ஹெர்ட்ஸில் பலமாக இருந்தால், பேஸில் அந்த இடத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.
• சைட்செயின் கம்ப்ரஷன்: கிக் அடிக்கும் கணத்தில் மட்டும் பேஸ் தானாகத் தணியும்.

ஸ்டீரியோவில் விரிக்கலாமா?

சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டாம், மோனோவாகவே வையுங்கள். இடது, வலது அலைகள் எதிரெதிராக இருந்தால், ஒற்றை ஸ்பீக்கரில் சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும்.

உங்கள் அறையை நம்பலாமா?

முழுசா நம்ப முடியாது. 55 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6.2 மீட்டர், அதாவது 20 அடி. பத்தடி அறையில் அது சுவரில் மோதித் திரும்பி, ஓர் இடத்தில் வீங்கும், இன்னோர் இடத்தில் மறையும். அதனால் பேஸின் அளவை முடிவு செய்யும் முன் நாற்காலியை நகர்த்திக் கேளுங்கள். பிறகு ஹெட்போன், கார், மொபைல் என மூன்றிலும் சரிபாருங்கள். மூன்றிலும் பேஸ்லைனின் மெட்டு புரிந்தால் போதும். மூன்றிலும் அது ஒரே மாதிரி அதிர வேண்டியதில்லை.