கோபுரம் மௌனமானபோது ஒலித்த கைமணிகள்

வாசிக்க: யாத்திராகமம் 28:31-35



ஆரோனின் அங்கியின் கீழோரத்தில் பொன்மணிகளைத் தொங்கவிடும்படி கர்த்தர் மோசேக்குக் கட்டளையிட்டார். அவன் பரிசுத்த ஸ்தலத்திற்குள் பிரவேசிக்கும்போதும் வெளியே வரும்போதும் அவற்றின் சத்தம் கேட்கப்படவேண்டும். அவை ஊரை எழுப்பும் பெருமணிகள் அல்ல. சந்நிதிக்குள் ஊழியம் செய்கிறவனோடு கூடவே செல்லும் சிறுமணிகள். அத்தகைய சிறுமணிகளின் வரலாறொன்றை இந்த வாரம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் ஆலயக் கோபுரங்களில் மணி ஒவ்வொன்றும் பெரிய சக்கரமொன்றில் பொருத்தப்பட்டு முழுவட்டமாகச் சுழல்கிறது. அதன் வேகத்தைச் சிறிதளவே கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆகவே அதில் பாட்டு இசைப்பது அரிது. அதற்குப் பதிலாக, மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி ஒலிக்கும் கலை 17ஆம் நூற்றாண்டில் அங்கே வளர்ந்தது. இதைச் 'சேஞ்ச் ரிங்கிங்' என்பர். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குச் செல்கையில், ஒரு மணி தன் பக்கத்து மணியோடு மட்டுமே இடம் மாறலாம். ஆறு மணிகளை 720 விதமாகவும், ஏழு மணிகளை 5,040 விதமாகவும், எட்டு மணிகளை 40,320 விதமாகவும் வரிசைப்படுத்தலாம். 1715ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, நார்விச் நகரின் பரிசுத்த பேதுரு மான்கிராஃப்ட் ஆலயத்தில் ஏழு மணிகளின் 5,040 வரிசைகளும் ஒன்றுகூடத் திரும்ப வராமல் ஒலிக்கப்பட்டன. இன்றும் ஏறத்தாழ ஐயாயிரம் வரிசைகளைக் கொண்டதே 'பீல்' எனப்படும் முழுநிறைவான ஒலிப்பு.

கோபுரம் ஏறாமலே இக்கலையைப் பயில உதவியவை கைமணிகள். சிலர் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு இரண்டு மணிகளை ஏந்துவர். கோபுரத்தில் ஒருவர் ஒரு மணியின் பாதையை நினைவில் கொண்டால் போதும். இங்கோ இரண்டு பாதைகளை ஒரே நேரத்தில் மனதில் தாங்கவேண்டும். எழுதிவைத்துப் பார்ப்பதற்கு இடமில்லை.

இந்தச் சிறுமணிகளின் அருமை நெருக்கத்தின் நாட்களில் விளங்கிற்று. இரண்டாம் உலகப்போரில், 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம், எதிரிப் படை வந்திறங்கினால் எச்சரிப்பதற்கன்றி ஆலய மணிகளை அடிக்கலாகாது என்று அரசு தடைவிதித்தது. 1943இல் தடை முற்றிலும் நீங்கும்வரை, பலர் வீடுகளில் கைமணிகளோடு அமர்ந்து இக்கலையை அழியாமல் காத்தனர்.

1963ஆம் ஆண்டு லஃப்பரோ நகரின் மணிவார்ப்புச் சாலையில், எட்டுப்பேர் கோபுர மணிகளில் 40,320 வரிசைகளையும் 17 மணி 58 நிமிடங்களில் ஒலித்து முடித்தனர். ஒருவருக்குப் பதிலாக மற்றொருவர் நிற்கவில்லை. 2007ஆம் ஆண்டு மூன்றே பேர் ஆறு கைமணிகளோடு அமர்ந்தனர். நூறு முறைமைகள், ஒவ்வொன்றிலும் 720 வரிசைகள், ஆக 72,000 வரிசைகள். முடிக்க 24 மணி 9 நிமிடங்கள் ஆயின. கணக்கிட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 1.2 வினாடிக்கு ஒரு வரிசை! ஒவ்வொருவரும் தம் மணிகளை 1,44,000 முறை ஒலித்திருக்கிறார்கள்.

பின்பு 2020இல் கொள்ளைநோயினால் கோபுரங்கள் மீண்டும் மௌனமாயின. அப்பொழுது ஒரே வீட்டில் வசித்தவர்கள் கைமணிகளை எடுத்தனர். தனித்திருந்தோர் 'ரிங்கிங் ரூம்' என்னும் இணையதளத்தின் வழியாக, தத்தம் வீடுகளிலிருந்தே ஒன்றுசேர்ந்து ஒலித்தனர்.

பிரியமானவர்களே, நீண்டநேரம் மணியடிப்பதே ஆராதனை என்று நான் சொல்லவில்லை. ஆயினும் 24 மணிநேரம் கவனம் சிதறாமல் இருந்த அந்த மூவரை நினைக்கையில், கெத்செமனேயில் ஒருமணி நேரம் விழித்திருக்க இயலாத சீஷர்களும், அரைமணி ஜெபத்தில் சோர்ந்துபோகும் நானும் நினைவுக்கு வருகிறோம். அவர்கள் 72,000 வரிசைகளையும் ஒன்றாகச் சுமக்கவில்லை. இப்போதைய வரிசையில் தவறாதிருந்து, அடுத்திருப்பவரின் மணிக்குச் செவிகொடுத்தனர். உண்மையுள்ளவர்களாயிருப்பதும் இப்படித்தான் அல்லவா?

ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். 2020இல் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, நம் வீடுகள் பலவற்றில் குடும்ப ஜெபம் பிறந்தது. தகப்பன் வேதம் வாசித்தார், பிள்ளைகள் பாடினார்கள். கதவுகள் திறந்தபின் அந்தச் சிறுமணி என்னவாயிற்று? கோபுர மணி ஒலிக்கிறதே என்று அதைப் பரணில் வைத்துவிட்டோமா? மீண்டும் ஒருநாள் கோபுரம் மௌனமானால், நம் கைகளில் ஒலிக்க ஏதேனும் இருக்குமா? இன்றிரவு அதை எடுங்கள். இரண்டுபேர் போதும், ஒரு சங்கீதம் போதும்.

ஜெபம்: ஆண்டவரே, ஒருவரும் கேளாத இடத்திலும் உமது சந்நிதியில் எங்கள் சிறுமணி ஓயாதிருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.